இரண்டாவது கேள்வி

ஓசெல்லா ப்ரூவிட் ஏன் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தே பாடுகிறாள் என்று பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கொரு கதை எழுதினார்கள். ஒருவன் முதுகுவலி என்றான். இன்னொருவன் திமிர் என்றான். நியூயார்க் ஆள் ஒருவன், அது சிம்மாசனமாம், மூதாதையர் நினைவாம் என்று பக்கம் பக்கமாக அளந்துவிட்டிருந்தான். அதைப் படித்துவிட்டு நானும் அவளும் போனில் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். தென் மெம்ஃபிஸில், எங்கள் மவுண்ட் ஹெப்ரோன் பாப்டிஸ்ட் சபையில் எல்லோருக்குமே தெரியும். அவளை உட்கார வைத்ததே எங்கள் சபைதான்.

உட்கார வைப்பது என்றால் எங்களிடம் தண்டனை. கல்யாணமாகாத பெண் கர்ப்பமானால், ஞாயிறு ஆராதனையில் திருவிருந்து மேசைக்கு முன்னால் வந்து நின்று, தவறிவிட்டேன், மன்னியுங்கள் என்று சபையிடம் கேட்க வேண்டும். பாஸ்டர் இரண்டு கேள்விகள் கேட்பார். முதலாவது சபையிடம்: இவள்மேல் யாருக்காவது குறை உண்டா? இரண்டாவது அவளிடம்: உனக்கு யார்மேலாவது குறை உண்டா? பிறகு எல்லோரும் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள். அன்றிலிருந்து, போதும் என்று பாஸ்டர் சொல்லும்வரை, அவள் கடைசி பெஞ்சில் கிடக்க வேண்டும். சபையே எழுந்து பாடினாலும் அவள் எழக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. கூட்டாளியான ஆணுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவன் அட்டை விசிறியால் விசிறிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

ஓசெல்லாவுக்கு அப்போது பதினேழு வயது. எனக்கும் அதே வயதுதான், ஆனால் சபையின் ஆர்கன் அப்போதே என் கைக்கு வந்துவிட்டது. சபையின் பாடகர் குழுவான கொயரில் தனிப்பாட்டு எல்லாம் அவளுக்கு. பாத்திரம் கழுவிக்கொண்டே மெட்டுப் போடுவாள். ஈரக் கையோடு ஓடி வந்து எனக்குப் பாடிக் காட்டுவாள். கொயரை நடத்தியவன் கார்னெல் ஸ்டோவால், பாஸ்டரின் ஒரே மகன், விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். பயிற்சி முடிந்ததும் அவளை மட்டும் இருக்கச் சொல்வான். கைக்குட்டையில் சுற்றிய பீச் பழம் ஒன்றை எடுத்து நீட்டி, "கடிக்காத, முதல்ல மோந்து பாரு" என்பானாம். அவள் தின்று முடித்ததும், "விதைய எனக்குக் குடு, நம்ம வீட்டு வாசல்ல நடுவேன்" என்று வாங்கி மடித்து வைத்துக்கொள்வானாம். நம்ம வீடு! அந்த வயதுப் பெண் மயங்குவதற்கு அந்த ஒரு சொல் போதாதா?

அவள் மேசைக்கு முன்னால் நின்ற ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் அம்மாவின் பச்சைக் கவுனைப் போட்டிருந்தாள். அவளுடைய கவுன்கள் எதுவும் வயிற்றில் ஏறவில்லை. கார்னெலின் அப்பா, பெரிய பாஸ்டர், முதல் கேள்வியைக் கேட்டார். கைகள் உயர்ந்தன. கொயர் மேடையிலிருந்து கார்னெலும் கையைத் தூக்கினான். படுபாவி, விறைப்பாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கினான். ஓசெல்லா அந்தக் கையைப் பார்த்தாள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

கேள்வி வரவில்லை. பெரிய பாஸ்டர் ஆர்கன் பக்கம் திரும்பித் தலையாட்டினார். தலையாட்டினால் பாட்டு தொடங்க வேண்டும். எங்கள் சபைகளில் ஒருவர் பேச்சை நிறுத்த அதைவிட மரியாதையான வழி கிடையாது. பாட்டு தொடங்கிவிட்டது. அவள் திறந்த வாயோடு நின்றாள்.

ஆராதனை முடிந்து பின்வாசல் படியில் அவளைப் பிடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"ரெண்டாவது கேள்விய கேக்கவே இல்லடி க்ளோட்டீ."

"பாத்தேன்டி."

"அவன் அந்த எடத்துல வந்து நிக்கணும். என்ன மாதிரி, அத்தன பேர் முன்னால. அவன் நிக்கிற வரைக்கும் நான் நிக்க மாட்டேன். உக்காருன்னாங்கல்ல? இனிமே உக்காந்தே பாடுறேன், காது கிழியிற வரைக்கும் கேக்கட்டும்."

அந்த வாரமே சிகாகோவுக்குப் பஸ் ஏறினாள். அங்கே அத்தை வீட்டில் லவான் பிறந்தாள். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும், அத்தையிடம் விட்டுவிட்டு, மேற்குப் பக்கத்து மதுக்கடைகளில் பாடப் போனாள். எங்கே போனாலும் முதலில் ஒரு மர நாற்காலி கேட்பாள்.

"ஏம்மா, உனக்குக் காலு இல்லயா?" என்று கேட்டானாம் ஒரு கடைக்காரன்.

"இருக்கே. ஒதச்சுக் காட்டட்டுமா?" என்றாளாம் இவள்.

உட்கார்ந்து பாடினால் குரல் எடுபடாது என்றார்கள். அவள் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தெருமுனை வரைக்கும் போனது. முதல் இசைத்தட்டு 'கடைசி பெஞ்சு'. தேவாலயத்தில் கற்றுக்கொண்ட அத்தனையும் அதில் இருந்தது, கடவுளைத் தவிர. இரண்டாவது தட்டுதான் அவளை ஊர் உலகத்துக்குக் காட்டியது: 'முதல்ல மோந்து பாரு'. பீச் பழம், கைக்குட்டை, கொயர் அறையின் சாத்திய கதவு, எல்லாவற்றையும் பாட்டில் வைத்திருந்தாள், பெயரைத் தவிர. விதையை மட்டும் காணவில்லை. ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"வெத எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "அதுக்கு வேற வேல இருக்கு."

ஞாயிறு மதியங்களில் சிகாகோவிலிருந்து கூப்பிட்டுப் புதுப்பாட்டைப் போனிலேயே பாடிக் காட்டுவாள். முடித்துவிட்டு, "இது எங்கடி குத்தும்?" என்று கேட்பாள். "நேரா ஈரக்குலையில" என்று நான் சொன்னால்தான் அந்தப் பாட்டு ஸ்டூடியோவுக்குப் போகும். "விலாவுல" என்றால் திரும்ப உட்கார்ந்து எழுதுவாள்.

இதற்குள் பெரிய பாஸ்டர் செத்துப்போய், கார்னெலே பாஸ்டராகிவிட்டான். இர்லீன் என்ற நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஒரு சனிக்கிழமை முடி அலங்காரக் கடையில் அவள் தலையில் சுருள்களோடு உட்கார்ந்திருந்தபோது ரேடியோவில் 'முதல்ல மோந்து பாரு' வந்தது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். கடையே கூடச் சேர்ந்து பாடியது. இர்லீன் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டு முடிவதற்குள் பாதித் தலையோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் கார்னெல், சாத்தானுக்கு இப்போது ரேடியோ கிடைத்துவிட்டது என்று மேசையைக் குத்திக் குத்திப் பிரசங்கம் செய்தான். சபை முழுவதும் ஆமென் என்றது. வீட்டுக்குப் போய் எல்லோரும் முதல் வேலையாக ரேடியோவைப் போட்டார்கள்.

நீ மட்டும் ஏன் இன்னும் அந்தச் சபையிலேயே கிடக்கிறாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். அவன் விழுகிற நாளில் கிட்டத்தில் இருந்து பார்க்க நம் ஆள் ஒருத்தி வேண்டாமா? அந்த ஆசையில்தான் வாரம் தவறாமல் அவனுடைய பிரசங்கங்களைச் சகித்தேன்.

ஓசெல்லா வளர்ந்துகொண்டே போனாள். டெலிவிஷன், லண்டன், பாரிஸ், தங்க இசைத்தட்டுகள். அவள் பாட்டைக் கேட்டு ஊரில் எத்தனை பெண்கள் எத்தனை ஆண்களை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. எல்லா மேடையிலும் அதே மர நாற்காலி. ஒருமுறை சிகாகோவின் பெரிய அரங்கம் ஒன்றில் ஜனங்கள் எழுந்து நின்று, நீயும் எழுந்திரு, எழுந்திரு என்று கத்தினார்களாம். இவள் அசையவில்லை. அறைக்குத் திரும்பியதும் லவான் கேட்டிருக்கிறாள், "அம்மா, நீ எப்பதாம்மா எழுந்திருப்ப?" என்று. அன்றைக்குத்தான் அவள் என்னிடம் போனில் அழுதாள். பதினான்கு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

"ஊரே நிக்குதுடி. நான் மட்டும் இன்னும் அந்தப் பெஞ்சுலயே கெடக்கேன்," என்றாள். "அவன் நல்லாத் தூங்குறானா, க்ளோட்டீ?"

"கொறட்ட விட்டுத் தூங்குறான்."



அடுத்த கோடையில் கார்னெலே வலையில் வந்து விழுந்தான். மாநிலத்து பாப்டிஸ்ட் சபைகளுக்கெல்லாம் தலைவராக வர அவனுக்கு ஆசை. அவன் பாஸ்டரான ஆண்டு விழாவுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் போதகர்களை அழைத்திருந்தான். அவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்றால் ஓசெல்லா ப்ரூவிட் வந்து பாட வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சிஸ்டர் க்ளோட்டீ, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவங்க வருவாங்க. பழசெல்லாம் எதுக்கு? நாம எல்லாரும் ஆண்டவரோட பிள்ளைங்கதானே."

"அவள உக்கார வெச்ச தண்டன இன்னும் நீங்கலயே பாஸ்டர். எப்படிப் பாடுவா?"

அவன் கண் மின்னியது. அந்த முகத்தில் ஓடியதை நான் அப்படியே படித்தேன்: பெயர்பெற்ற பாடகி, காணாமல் போன ஆடு, அத்தனை போதகர்கள் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வருகிறாள்.

"அப்படின்னா முறைப்படி திரும்பச் சேத்துக்குவோம்," என்றான். "முழு முறையும். பெரியவங்க எல்லாரும் பாக்கட்டும்."

அன்றே போன் போட்டு, கொதித்துப்போய்ச் சொன்னேன். "இன்னொரு தடவ உன்ன மன்னிப்புக் கேக்கச் சொல்றான்டி, வெக்கங்கெட்டவன்! காறித் துப்பட்டுமா?"

அந்தப் பக்கம் ஓசெல்லா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"முழு முறையும்னா சொன்னான்?"

"ஆமா."

"வர்றேன்னு சொல்லு. முழு முறைன்னா ரெண்டு கேள்விடி, க்ளோட்டீ."

விழாவன்று ஜூலை வெயில் கூரையைப் பிளந்தது. மூச்சு விட இடமில்லை. பெண்களின் தொப்பிகளுக்கு நடுவே பின்வரிசைகளுக்குப் பிரசங்க மேடை தெரியவில்லை. அடித்தளத்துச் சமையலறையிலிருந்து பொரித்த கோழி வாசனை ஏறி வந்து போதகர்களின் ஜெபத்தைக் கெடுத்தது. ஓசெல்லா ஒரு சாதாரணப் பச்சைக் கவுனில் வந்தாள். அவள் அம்மாவுடையது. நான் அதை அடையாளம் கண்டுகொண்டேன். கார்னெல் கண்டுகொள்ளவில்லை.

மேசைக்கு முன்னால் வந்ததும் அவள் சொன்னாள், "எனக்கு ஒரு நாற்காலி வேணும் பாஸ்டர். நீங்க உக்கார வெச்சவள இன்னும் யாரும் எழுப்பலயே." சபை சிரித்தது. வெளியூர்ப் போதகர்களும் சிரித்தார்கள். பெருந்தன்மையோடு கார்னெலும் சிரித்து நாற்காலி போடச் சொன்னான்.

இரக்கம், மன்னிப்பு என்று நீளமாகப் பேசினான். பேச்சில் 'நாங்கள் அவளை மன்னிக்கிறோம்' என்று மூன்று விதமாகச் சொன்னான். பிறகு முதல் கேள்வி: "நம் சகோதரிமேல் யாருக்காவது குறை உண்டா?"

"ஒரு கொறயும் இல்ல," என்றார் முன்வரிசையில் வெள்ளை உடையில் இருந்த மதர் குட்லோ. சபைக்கே அம்மா என்று பட்டம் கொடுத்து நாங்கள் உட்காரவைத்திருக்கும் பெண்மணி; அவர் இருமினால் பாஸ்டரே பேச்சை நிறுத்துவார்.

"ஆமென்!" என்று கார்னெல் என் பக்கம் திரும்பித் தலையாட்டினான். அப்பன் ஆட்டிய அதே ஆட்டல்.

நான் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது போதாது என்று தோன்றியது. ஆர்கனின் சுவிட்சையும் அணைத்தேன். அதன் முனகல் அடங்கியதும் விசிறிகளின் சத்தம் கேட்டது.

அவன் மறுபடி, பலமாகத் தலையாட்டினான். "ஆர்கனுக்கு என்ன ஆச்சு சிஸ்டர்?"

"வெக்கை, பாஸ்டர். அதுக்கும் மூச்சு வாங்குது."

மதர் குட்லோ இருமினார். "ரெண்டாவது கேள்வி நிக்குதே பாஸ்டர். முழு முறைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேளுங்க, கேளுங்க," என்று வெளியூர்ப் போதகர்களும் அவனுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்கள்.

கார்னெல் நெற்றியைத் துடைத்தான். கைக்குட்டையால்தான். "சகோதரி ஓசெல்லா... உங்களுக்கு யார்மேலயாவது குறை உண்டா?"

"உண்டு," என்றாள் அவள்.

விசிறிகள் நின்றன.

"பேரு சொல்ல மாட்டேன். பாடுறேன். நான் ஒரு அடி பாடினா நீங்க திருப்பிப் பாடுங்க, நம்ம வழக்கம் போல."

'முதல்ல மோந்து பாரு'வைத்தான் எடுத்தாள். ரேடியோவில் வருகிற துள்ளல் இல்லை. தாளமோ ஆர்கனோ இல்லாமல், பழைய ஜெபப்பாட்டுப் போல ஒவ்வொரு அடியாக இழுத்துப் போட்டாள். போட்ட அடியைச் சபை திருப்பிப் பாடியது. எங்களால் அதை அடக்க முடியாது. நடக்கப் பழகுவதற்கு முன்னால் எங்களுக்குப் பழகிப்போன காரியம் அது. ரேடியோ சாத்தானுடையது என்று ஆமென் போட்ட அத்தனை பேரும் ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். உதவிப் போதகர் ஒருவர் கண்ணை மூடி இரண்டாம் குரலே கொடுத்தார். கைக்குட்டை வந்தது, பழம் வந்தது, கொயர் அறையின் கதவு சாத்திக்கொண்டது. இசைத்தட்டு முடிகிற இடத்தையும் அவள் தாண்டினாள். யாரும் கேட்டிராத ஓர் அடியைப் பாதி மட்டும் பாடி நிறுத்தினாள்.

"வெதைய எனக்குக் குடு..."

சபைக்கு அது தெரியாது. எல்லோரும் வாயைத் திறந்தபடி சொல்லுக்குக் காத்திருந்தார்கள். ஆனால் இரண்டு குரல்கள் மீதியைப் பாடின, தம்மை அறியாமலே, வழக்கத்தின் வேகத்தில்.

"...நம்ம வீட்டு வாசல்ல நடுவேன்."

ஒரு குரல் முன்வரிசையில் இருந்த இர்லீனுடையது. இன்னொன்று என் முதுகுக்குப் பின்னால், கொயரிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். இந்த வருஷம் பள்ளிக்கூடம் முடித்த வெர்னிடா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஓசெல்லாவே இதை எதிர்பார்க்கவில்லை. இர்லீனைத்தான் குறிவைத்திருந்தாள். வெர்னிடாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அப்படியொரு கோபத்தை நான் அந்த முகத்தில் அதுவரை பார்த்ததில்லை.

இர்லீன் எழுந்து நின்றாள். கொயரைப் பார்த்தாள், பிறகு பிரசங்க மேடையைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டு வாசல்ல ஒரு மரங்கூட இல்லயே, கார்னெல்," என்றாள்.

"இர்லீன், உக்காரு."

"இன்னிக்கு யாரையும் உக்காரச் சொல்லாதீங்க."

மதர் குட்லோ கையை நீட்டி மேசைக்கு முன்னால் இருந்த இடத்தைக் காட்டினார். "எறங்கி வாங்க."

வெளியூர்ப் போதகர்கள் தங்கள் காலணிகளை ஆராயத் தொடங்கினார்கள். ஒருவராவது ஏதாவது சொல்வார் என்று கார்னெல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு இறங்கினான். ஒவ்வொரு படியும் முனகியது. அவன் அந்த இடத்தில் வந்து நின்றதும் ஓசெல்லா நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்தாள். எழுந்து நேராக நின்றாள். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"ஓசெல்லா," என்றார் மதர் குட்லோ, "மன்னிக்கிறதா இருந்தா உன் கைதான் மொதல்ல எழும்பணும்."

"கை வரல, மதர். காலு மட்டுந்தான் இன்னிக்கு வேலை செய்யுது."

அவள் கொயர் மேடைக்குப் போய் வெர்னிடாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "பைய எடுத்துக்கோம்மா. இங்க உன்ன ஒருத்தரும் உக்கார வைக்க மாட்டாங்க." அந்தப் பெண் தேம்பிக்கொண்டே இறங்கினாள். இர்லீனும் தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு அவர்களோடு நடந்தாள். ஓசெல்லா நடந்துகொண்டே 'கடைசி பெஞ்சு'வை எடுத்தாள். சபை எழுந்து திருப்பிப் பாடியது. கடைசி பெஞ்சைத் தாண்டும்போது அதன் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு வெளியே போனாள்.

பாட்டு அடங்கியதும் மதர் குட்லோ சபையைப் பார்த்துக் கேட்டார்: "இவர்மேல யாருக்காவது கொற உண்டா?"

முதலில் பெண்களின் கைகள் உயர்ந்தன, பிறகு எல்லோருடைய கைகளும். என்னுடையதும்தான், இரண்டு கைகளும்.

கார்னெலுக்கு முறை தெரியும். அடுத்தது அவனுடைய கேள்வி. ஓசெல்லாமேல், இர்லீன்மேல், அந்தச் சின்னப் பெண்மேல் சொல்ல என்னவெல்லாம் வைத்திருந்தானோ, அதற்காக வாயைத் திறந்தான்.

மதர் குட்லோ என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். நான் சுவிட்சைப் போட்டு, பாட்டைத் தொடங்கினேன்.